ஜெலுத்தோங் வீட்டில் 11 வருடம்: எந்தக் காசு அட்டை நின்றது, எது கைவிட்டது

இந்தத் தைப்பூச விடுமுறையில் ஏழு ஆல்பங்களையும் ஹாலில் இறக்கி வைத்து, ஒவ்வோர் அட்டையாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். முதன்முதலில் வாங்கிய பாக்கெட்டிலிருந்து போன மாதம் போட்டது வரை எல்லாம் ஒரே வீட்டில், ஒரே காற்றில் இருந்தவை. அதனால் எந்த ரகம் பினாங்கு ஈரத்தைத் தாங்கியது, எது தாங்கவில்லை என்பது பளிச்சென்று தெரிந்தது. புதிதாகக் காசு சேர்க்கிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த அட்டைண்ணே வாங்குறது?" என்றுதான். அவர்களுக்கான பதில் இது.

அட்டை என்று நாம் சொல்வது இரண்டு அங்குலச் சதுரம். நடுவில் வட்டத் துளை, துளையை மூடி மெல்லிய மைலார் தாள். இரண்டாக மடித்து, நடுவில் காசை வைத்து மூட வேண்டும், அவ்வளவுதான். மைலார் என்பது பாலியெஸ்டர். காசோடு வினைபுரியாது. காசைத் தொடும் பொருள் எது என்பதை மட்டும் முதலில் கவனித்தால் பாதிச் சேதத்தைத் தவிர்க்கலாம். நான் அதைக் கவனிக்காமல் தொடங்கியவன்.

என் முதல் ஆல்பம் அட்டையே இல்லாதது. புத்தகக் கடையில் வாங்கியது, மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள் வைத்தது. திறந்தால் புது மழைக்கோட்டு வாடை வரும். மூன்று வருடத்தில் 1967-ஆம் ஆண்டு மலேசிய 50 காசின் (சென்) மேல் பச்சைப் பிசுக்கு படிந்துவிட்டது. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழங்காசு விற்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "தம்பி, இது களிம்பு இல்ல. பிளாஸ்டிக் கக்குனது" என்றார். அந்தப் பை பிவிசி. அதை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் மெல்ல வெளியே கசியும். பிவிசி சிதையும்போது அமிலமும் வரும். இரண்டும் செம்பு கலந்த காசைப் பிடித்துக்கொள்ளும்.

பிசுக்கு மேலோட்டமாக இருந்தால் சுத்தமான அசிட்டோன் எடுத்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊறவிட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசி, துடைக்காமல் உலரவிட வேண்டும். அடுப்பு எரியும் இடத்தில் செய்யவே கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். என் 50 காசில் பச்சை போனது. அடியில் அரித்த புள்ளிகள் போகவில்லை. அதை இன்றும் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அடுத்து அளவு. இதில்தான் நம் ஊர்க் காசுக்காரர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். அட்டைத் துளைகள் 17.5, 20, 22.5, 25, 27.5, 30 மில்லிமீட்டர் என்று ஏறிக்கொண்டே போகும். நம் காசுகளோ ஒரு மயிரிழையில் அடுத்த அளவுக்குத் தாவுகின்றன. நாடாளுமன்றக் கட்டடம் போட்ட பழைய வரிசையில் ஒரு காசு நாணயம் ஏறக்குறைய 17.8. ஆக 17.5 ஆகாது, 20 எடுக்க வேண்டும். அதே வரிசை 50 காசு 27.8. அதற்கு 27.5 போதாது, 30 வேண்டும். 2012-இல் வந்த புது 50 காசும் அப்படித்தான், 22.65 என்பதால் 25-க்குப் போகிறது. சிறிய துளையில் திணித்தால் காசின் விளிம்பு அட்டைக்கு அடியில் மறைந்துவிடும். அட்டை உப்பும், காகிதம் விளிம்பை அழுத்திக்கொண்டே இருக்கும். இப்படித் திணித்துவைத்த ஒரு காசு நாணயங்களில் விளிம்பைச் சுற்றி வளையம் போலக் கறை வந்திருக்கிறது.

சில பாக்கெட்டுகளில் எண்ணுக்குப் பதில் அமெரிக்கக் காசின் பெயர் அச்சாகியிருக்கும். குவார்ட்டர் என்று போட்டதில் நம் பழைய 20 காசு அழகாக உட்காரும்.

சதுரக் காசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலாயாக் காலத்துச் சதுர ஒரு காசு நம்மில் பலரிடம் தாத்தா வழியாக வந்து சேர்ந்திருக்கும். அதன் பக்கத்தை அளந்து 22.5 வாங்கினால் நான்கு மூலையும் அட்டைக்குள் போய்விடும். மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளக்க வேண்டும். 1943, 1945 போட்டவை முந்தியதைவிடச் சற்றுச் சிறியவை, ஆகவே ஒன்றை அளந்து எல்லாவற்றுக்கும் வாங்காதீர்கள். நான் என் சதுரக் காசுகள் எல்லாவற்றுக்கும் 27.5 போட்டிருக்கிறேன். கொஞ்சம் ஆடும், ஆனால் மூலை தப்பிக்கும். காசைக் கவ்வி அளக்கும் சாதாரணக் காலிப்பர் ஒன்று கையில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இனி எல்லாரும் கேட்பது: ஸ்டேப்ளர் ஊசி அடித்து மூடும் ரகமா, தானே ஒட்டும் ரகமா?

ஒட்டும் ரகம் பார்க்க நேர்த்தி. தட்டையாக இருக்கும், ஆல்பம் உப்பாது. விலை நான் வாங்கியபோது ஊசி ரகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆசைப்பட்டு மூன்று வருடம் அதையே வாங்கினேன். எங்கள் வீடு ஐந்தாம் மாடி, மதிய வெயில் நேராக அடிக்கும் பக்கம். இந்த வருடம் எடுத்துப் பார்த்தபோது அந்த மூன்று வருடத்து அட்டைகளில் பல மூலையில் வாய் பிளந்திருந்தன. சிலவற்றில் பசை துளையின் ஓரம் வரை நகர்ந்து மைலாருக்குள் கோடாகத் தெரிந்தது. இரண்டு காசுகளில் விளிம்பிலேயே ஒட்டியிருந்தது. நல்லவேளை, அதுவும் அசிட்டோனில் போய்விட்டது. குளிர்சாதன அறையில் வைத்திருக்கும் நண்பருக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை. அவருக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். சாதாரண அடுக்குமாடி வீட்டுக்காரர் என்னைக் கேட்டால் ஊசி ரகம்தான்.

ஆனால் ஊசியிலும் ஒரு பாடம் பட்டேன். அலுவலகத்தில் கிடைக்கும் சாதாரண ஊசி நம் காற்றில் துருப்பிடிக்கும். என் பழைய அட்டைகளில் ஊசியைச் சுற்றி அட்டை பழுப்பேறிக் கிடந்தது. துருவேறாத எஃகு ஊசி என்று கேட்டு வாங்குங்கள். அது போட்டவை ஏழு வருடம் கழித்தும் பளபளவென்று இருக்கின்றன. ஊசி அடித்ததும் பின்பக்கம் மடங்கிய முனைகளைக் குறடால் நன்றாக அழுத்தித் தட்டையாக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்பத்தில் பக்கத்துக் காசைக் கீறும். காசை வெளியே எடுக்கும்போது அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். பாதி பிடுங்கிய ஊசிமுனை காசின் முகத்தில் ஓடிவிடும். கத்தரியால் அட்டையை ஓரமாக வெட்டுவதே பத்திரம். அட்டை போனால் இன்னொன்று கிடைக்கும்.

எழுத வேண்டியதைக் காசு உள்ளே போகுமுன் பென்சிலால் எழுதிவிடுங்கள். துளை ஓரத்துக் காகிதத் தூசியையும் ஊதிவிடுங்கள். அந்தத் தூசி ஈரத்தைப் பிடித்துச் செம்பில் புள்ளி வைக்கும்.

ஆல்பப் பக்கம் வாங்கும்போதும் பிவிசி எச்சரிக்கை அப்படியே பொருந்தும். நல்ல அட்டையில் போட்டு மோசமான பையில் செருகினால் என்ன பயன்? பாலிபுரோப்பிலீன் பக்கம், இருபது அறை உள்ளது, எனக்குச் சரியாக வந்தது. ஊசி அட்டைகள் செருகும்போது இடறும், பொறுமை வேண்டும். ஆல்பத்தைப் படுக்க வைத்து ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் நிற்க வையுங்கள்.

ஈரத்துக்கு நான்கு வருடமாகக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஈரப்பதம் காட்டும் முள் 45 சதவீதத்தில் நிற்கிறது. வெளியே மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டும். அதற்கு முன் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வந்தேன். அதுவும் உதவியது, ஆனால் நிறம் மாறியதும் காய வைக்க மறந்தால் அது வெறும் உருண்டைதான். உலர் பெட்டிக்குக் காசு இல்லாதவர்கள் இறுக்கமாக மூடும் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும், மாதம் ஒருமுறை பாருங்கள்.

வெள்ளிக் காசுக்கு மட்டும் நான் அட்டையை விட்டுவிட்டேன். 1903-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் காலத்து நீரிணைக் குடியேற்ற (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்) டாலர் ஒன்று அட்டையில் இருந்த இடத்தில் ஓரமெல்லாம் கருத்தது. அட்டைக் காகிதத்தில் இருக்கும் கந்தகம்தான் காரணம் என்று நினைக்கிறேன். இப்போது அது வட்டமான அக்ரிலிக் டப்பாவில் இருக்கிறது, கருப்பு மேலும் பரவவில்லை.

வாய் பிளந்த ஒட்டும் அட்டைகள் இன்னும் அறுபது சொச்சம் மேசையில் இருக்கின்றன. ராத்திரிக்கு ஐந்து ஐந்தாக வெட்டி, ஊசி ரகத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.