லீவில் ஊருக்கு வந்து ஸ்கேன் எடுப்பவர்களுக்கு

கனடாவில் எம்.ஆர்.ஐ.க்கு மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவர்களுக்கு மதுரை, திருச்சி ஸ்கேன் சென்டர்களின் வேகம் மலைப்பாகத்தான் இருக்கும். காலையில் டாக்டர் சீட்டோடு போனால் பெரும்பாலும் மாலையிலேயே ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் கோட்டை விடக்கூடியவையும் சில உண்டு.

"வந்த இடத்தில் எதற்கும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துடலாம்" என்ற பேச்சே வேண்டாம். வயிற்று சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரேயில் அது 0.1 தான். பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்டே சிறந்தது, சில கற்கள் சி.டி.யில் தெரியவே தெரியாது. கிட்னிக் கல்லுக்கோ, படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து இல்லாத சி.டி.தான் துல்லியம். தலையில் அடிபட்டால் முதலில் சி.டி.; ரத்தக்கசிவைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். மூட்டு ஜவ்வு, முதுகு டிஸ்க் என்றால் எம்.ஆர்.ஐ.; அதில் கதிர்வீச்சு கிடையாது.

வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். "காபி மட்டும்தானே குடித்தேன்" என்பார்கள். அந்தப் பாலுக்கே பித்தப்பை சுருங்கிவிடும், பிறகு உள்ளே கல் இருக்கிறதா என்று சரியாகப் பார்க்க முடியாது. அயோடின் கலந்த மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. என்றால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும், முன்பு அந்த அயோடின் மருந்தால் அலர்ஜி வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் அம்மாவை அனுப்பும்முன் தாலிச் சங்கிலியிலும் வளையலிலும் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளைக் கழற்றச் சொல்லுங்கள். நகையைக் கழற்றினாலும் புடவை மடிப்பில் ஒன்று தங்கிவிடும். இரும்பு ஊக்கைக் காந்தம் இழுக்கும், படமும் அந்த இடத்தில் கெடும். அப்பாவின் அரைஞாண் கயிற்றுத் தாயத்துக்குள் என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது, அதுவும் வெளியே இருக்கட்டும். பேஸ்மேக்கர் வெளிநாட்டில் வைத்ததென்றால் அதன் அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு ஒன்று: அங்கே ஆணா பெண்ணா என்று சொல்வது சகஜம். இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கேட்பதும் சொல்வதும் குற்றம். படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், அடையாள அட்டை எடுத்துப் போங்கள். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம், டாக்டரை வற்புறுத்தாதீர்கள்.

புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு வழக்கமாகத் தரும் மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும், ஒரு நாளில் ஏறக்குறைய அடங்கிவிடும். தைராய்டுக்குத் தரும் அயோடின்-131 அப்படியல்ல. வாரங்கள் கழித்தும் விமான நிலையக் கதிர்வீச்சுக் கருவி ஒலிக்கலாம். மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதிய கடிதத்தை ஆஸ்பத்திரியில் வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

கடைசியாக, பலர் ஃபிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். அதில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். அங்குள்ள டாக்டருக்குத் தேவை எல்லாப் படமும் அடங்கிய டைகாம் ஃபைல். குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். இங்கே இனிஷியலோடு "ஆர். மீனாட்சி" என்று பதிந்துவிட்டால், அங்குள்ள ஆஸ்பத்திரிப் பதிவில் அது வேறொருவராகத்தான் தெரியும்.