கம்பியில் படம், கம்பியில் திரை: வாடகை வீட்டில் நான்கு வருட அனுபவம்

திருவான்மியூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார், "சுவத்துல கண்டபடி ஆணி அடிச்சிடாதீங்க." மகள் அப்போது யு.கே.ஜி. வாரத்துக்குப் பத்துப் படம் வரைவாள், பத்தும் சுவரில் ஏறியாக வேண்டும். செல்லோ டேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. பத்து ஆணிக்குப் பதில் இரண்டே ஓட்டை, நடுவில் ஒரு கம்பி என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது. படத்துக்கு அது நன்றாக அமைந்ததும் ஆசை முற்றி, படுக்கையறை ஜன்னல் திரைக்கும் கம்பியே போதும் என்று இறங்கினேன். படக்கம்பி இன்றும் தொங்குகிறது. திரைக்கம்பி மூன்றாம் மாதமே கட்டிலில் விழுந்தது.

வாங்கிய சாமான் கொஞ்சம்தான். பாரிமுனையில் 2 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இழைகளை முறுக்கிய ஒயர் ரோப், தலையில் வளையம் உள்ள இரண்டு கண் ஸ்க்ரூ, இழுத்து முறுக்க ஒரு டர்ன் பக்கிள், முனையை மடித்துப் பிடிக்க யூ கிளாம்ப். எல்லாம் சேர்த்து ஒரு கம்பிக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வெட்டும் இடத்தில் டேப் சுற்றிவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் இழை இழையாகப் பிரிந்து விரலில் குத்தும். யூ கிளாம்ப்பில் வளைந்த யூ பக்கம், மடித்த சின்ன வாலின் மேல் உட்கார வேண்டும். பாரம் தாங்கும் நீளக் கம்பியின் மேல் அல்ல. மாற்றிப் போட்டால் யூ கம்பியை நசுக்கிவிடும். இதைச் சொல்லித் தந்தது கடைக்கார அண்ணன்.

சரி, விழுந்த கதை. அறை பத்தடி அகலம். ஜன்னல் பக்கத்தில் இடச்சுவரிலிருந்து வலச்சுவருக்கு நேராகக் கம்பி கட்டி, இரண்டு பருத்தித் திரை மாட்டினேன். இரண்டும் சேர்த்து மூன்று கிலோ இருக்கும். நடுவில் லேசாகத் தொய்ந்தது, கண்ணுக்குப் பிடிக்கவில்லை. முறுக்கினேன். அடுத்த வாரம் இன்னொரு திருகு. ஒரு நாள் விடியற்காலையில் வலப்பக்க ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர் ஓட்டையில் செருகுவது) கைப்பிடி காரையோடு வெளியே வந்து, திரை எங்கள் மேல் விழுந்தது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் கம்பி.

மூன்று கிலோவுக்கா சுவர் பெயர்ந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாரம் பரவலாகத் தொங்கும்போது, முனையில் இருக்கும் இழுப்பு ஏறக்குறைய எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. 3 கிலோ, 3 மீட்டர், 2 செ.மீ. தொய்வு: சுவரை இழுப்பது 56 கிலோ! அதே திரையை 5 செ.மீ. தொய்ய விட்டால் 23 கிலோவுக்குள் அடங்கிவிடும். தொய்வே இல்லாமல் கட்டுவது நடக்காத காரியம். நான் ஆசைப்பட்டு முறுக்கிய ஒவ்வொரு திருகும் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஓட்டையில் பாதி பூச்சிலும் மீதி இரண்டு செங்கலுக்கு நடுவே இருந்த கலவையிலும் போயிருந்தது. பூச்சு அரை இஞ்சுதான், அதற்குப் பிடிமானமே கிடையாது. டிரில்லில் செங்கல் சிவப்புத் தூள் வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்து, செங்கலின் நடுவில் ஆழமாக ஓட்டை போட்டோம். அதைவிட முக்கியம், ஜன்னலுக்கு மேலே நடுவில் ஒரு தாங்கி கொடுத்தது. அங்கே லிண்டல், அதாவது ஜன்னல் மேல் பாரம் தாங்கும் கான்கிரீட் உத்தரம், ஹாமர் டிரில் இல்லாமல் இறங்கவே இல்லை. நடுவில் ஒரு தாங்கி வந்தால் நீளமும் பாதி, எடையும் பாதி. அதே தொய்வுக்கு இழுப்பு கால்வாசி. திரை வளையம் அந்தத் தாங்கியைத் தாண்டாது, ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு திரை என்பதால் தொந்தரவில்லை. மூன்றரை வருடமாக அசையவில்லை. ஆனாலும் வெயில் மறைக்கும் கனத்த திரை என்றால் ராடுதான் போடுவேன். அதில் வீம்பு வேண்டாம்.

சமையலறை ஜன்னலில் போட்டது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங்தான். அம்மாவின் பழைய சேலையில் தைத்த அரைத் திரை. மூன்றடிக்குள் என்றால் இதை அடிக்க ஆளில்லை. இரண்டாம் கோடையில் உறை மஞ்சளாகி வெடித்தது, வேறு ஒன்று மாற்றினேன்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. பால்கனிக் கதவுத் திரைக்குச் சிக்கனம் பார்த்து, துணி காயப்போடும், பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பியைக் கட்டினேன். வெட்டிய முனை வழியாக உப்புக்காற்று புகுந்து, ஒரே வருடத்தில் துருத்தண்ணீர் வடிந்து திரையில் கறை. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. இப்போது அங்கேயும் எஸ்.எஸ்.தான், 304 என்ற ரகம். அதிலும் காபி நிறத்தில் புள்ளி வருகிறது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது.

படக்கம்பிக்கு வருகிறேன். காகிதத்துக்கு இதைப்போல வசதி வேறில்லை: கிளிப்பை எடு, பழையதைக் கழற்று, புதியதை மாட்டு. மகள் இப்போது ஸ்டூல் போட்டுத் தானே மாற்றிக்கொள்கிறாள். ஃபேன் காற்றுதான் எதிரி, ஒற்றைக் கிளிப் என்றால் படம் சுழலும். இரண்டு மூலையிலும் கிளிப் போட வேண்டும். ஃபிரேம் மாட்டினால் வேறு சிக்கல். எல்லாம் மெல்ல மெல்ல நடுப்பள்ளத்துக்கு நகர்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஒயரிங் கனெக்டரைப் பிரித்து, உள்ளே இருக்கும் பித்தளைத் துண்டைக் கம்பியில் கோத்து ஸ்க்ரூவை இறுக்கினேன். கொக்கி அதைத் தாண்டி நகராது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்த ஒரே இடம் அதுதான்.

அம்மா ஊரிலிருந்து வந்தபோது தஞ்சாவூர் கிருஷ்ணர் படம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதையும் அந்தக் கம்பியிலயே மாட்டிடேன்டி" என்றாள். பலகை, கண்ணாடி, தேக்குச் சட்டம். தூக்கிப் பார்த்ததுமே மாட்டேன் என்றுவிட்டேன். கிருஷ்ணர் இப்போது பீரோ மேல் சுவரில் சாய்ந்தபடி இருக்கிறார். அவருக்காக இரண்டு ஆணி கேட்டு ஓனருக்கு இன்னும் போன் செய்யவில்லை.