பிராய்லர் தீவனத்தில் முருங்கை இலையா, வேப்பிலையா?

அரூர் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைத்துப் பிராய்லர் வளர்க்கிறேன். இரண்டையும் கலந்து பார்த்ததில் என் ஓட்டு முருங்கைக்கு. கம்பெனிக்கு வளர்த்துக் கொடுப்பவர்கள் கம்பெனியைக் கேட்காமல் எதையும் கலக்கக் கூடாது. கம்பெனியின் குருணைத் தீவனத்தில் போட்டாலும் இலைத் தூள் அடியில்தான் தங்கும்.

வேப்பிலை காசில்லாமல் கிடைக்கிறது, ஈரம் குறைவு, சீக்கிரம் காய்கிறது. குடல் புழுவுக்கும் ரத்தக் கழிச்சலுக்கும் நல்லது என்கிறார்கள். என் கொட்டகையில் அதைச் சோதிக்கும்படி ஒன்றும் வரவில்லை. கசப்புதான் தொல்லை. கொஞ்சம் கூடினாலும் கோழி தீவனத்தைக் கிளறிவிட்டு நகர்கிறது. 42 நாளில் எடை ஏற வேண்டிய பறவை தின்னாமல் நின்றால் மிச்சமெல்லாம் வீண்.

உலர்ந்த முருங்கை இலையில் புரதம் 25 சதவீதம் அளவுக்கு உண்டு. அதற்காக 45 சதவீதம் புரதமுள்ள சோயாப் புண்ணாக்கை எடுத்துவிட்டு இதைப் போட முடியாது. நார்ச்சத்தை ஜீரணிக்கக் கோழிக்கு வழி குறைவு, அளவு மீறினால் வளர்ச்சி பின்தங்கும். கால் மஞ்சளாவது ஒரு உபரி லாபம். நம்ம ஊர்க் கறிக்கடையில் அதைப் பார்த்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் கணக்கைத் தீர்மானிப்பது சத்து இல்லை, காயவைப்பது. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். குஞ்சுக்கு இரண்டு வாரம் ஆனபின் விற்கும்வரை ஆயிரம் கோழி தின்பது ஏறக்குறைய மூன்று டன். ஒரு சதவீதம் கலக்கவே 30 கிலோ தூள் வேண்டும். அதற்கு உருவிய பச்சை இலை 120 முதல் 150 கிலோ. ஐந்து சதவீதம் என்றால் 600 கிலோவைத் தாண்டும். அதை உருவ ஆள் கூலி கொடுத்தால் தீவனத்தில் மிச்சம் பிடித்தது போச்சு. அதனால் ஒரு சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டேன். வரப்பு முருங்கையைக் கவாத்து செய்யும்போது வரும் இலையும் வீட்டு ஆட்களின் கையுமே போதும்.

காயவைப்பதிலும் பக்குவம் உண்டு. நேர் வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து வைட்டமின் ஏ-க்கான சத்து போய்விடும். குவித்தால் உள்ளே சூடேறிக் கறுக்கும். கொட்டகை நிழலில் தார்ப்பாய் விரித்து, மெல்லிசாகப் பரப்பி, தினமும் புரட்டிவிட வேண்டும். கையில் கசக்கினால் பொடியாக உதிர வேண்டும், துவண்டால் அரைக்காதீர்கள். அரைகுறை ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு ஈரலைத்தான் முதலில் அடிக்கும். சத்துக்குப் போட்டது சாவுக்கு வழியாகும்.

கலக்கும்போது தூளை முதலில் ஐந்தாறு கிலோ தீவனத்தில் நன்றாகப் பிசறி, அப்புறம் மொத்தத்தில் சேர்த்தால் ஒரே இடத்தில் கட்டி நிற்காது. வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசிக்கு எந்த இலையும் ஈடில்லை, அதை நாள் தவறாமல் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் வெயில் கால பேட்ச்சுகளில் கண்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை காய்வதே இல்லை. அந்த பேட்ச்சுக்கு வெறும் தீவனத்தோடு விட்டுவிடுகிறேன்.