பழைய சேஃப்டி ரேசர்: படத்தைப் பார்த்து எதை வாங்கலாம்?

பழைய சேஃப்டி ரேசரை இப்போதெல்லாம் யாரும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. நாலு படம், இரண்டு வரி விவரம், கடைசியில் 'நன்றாக வேலை செய்கிறது' என்று ஒரு நற்சான்று. குமிழைத் திருகினால் சுற்றுகிறது என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம். விற்பவர் அதில் சவரம் செய்து பார்த்திருப்பார் என்று நினைக்காதீர்கள். அதனால் எந்த ரேசர் வழவழப்பாகச் சிரைக்கும் என்ற வழக்கமான சண்டையைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். என் கேள்வி வேறு: எதன் குறை படத்திலேயே தெரிந்துவிடும், எதன் குறை பார்சலைப் பிரித்த பிறகுதான் தெரியும்?

இந்தக் கேள்விக்கு மூன்று துண்டு ரேசர்தான் சுலபமாகத் தேறுகிறது. மேல் தகடு, அடித் தகடு, கைப்பிடி, நடுவில் பிளேடு. மரையைத் தவிர அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஜில்லெட் 1903-ல் விற்கத் தொடங்கிய முதல் ரேசரும் இந்த வகைதான். அந்த வருடம் விற்றது மொத்தமே 51. 'ஓல்ட் டைப்' என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் அந்த வகையில், இன்று வாங்கும் இருமுனை பிளேடு அப்படியே பொருந்தும்.

அதற்காக ஓல்ட் டைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட முடியாது. அதன் கைப்பிடி மெல்லிய பித்தளைக் குழாய். வருடம் ஆக ஆக நீளவாக்கில் முடி போல வெடிப்பு விடும். படத்தில் அது சாதாரணக் கீறல் மாதிரிதான் தெரியும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டும், ஆனால் நகத்தைப் படத்தின் மேல் ஓட்டி என்ன பயன்? கைப்பிடியை மெதுவாகச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீப்புப் பல் வைத்த அடித் தகடானால் பற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு முறை கீழே விழுந்தாலே ஓரப் பல் வளைந்துவிடும். வளைந்த பல்லை நிமிர்த்தப் போனால் ஒடிந்துவிடவும் கூடும்.

1938-ல் வந்த ஜில்லெட்டின் 'டெக்' இந்தக் கவலையில் பாதியைக் குறைத்துவிடுகிறது. அதில் பல்லுக்குப் பதில் நேரான சட்டம். ஏராளமாகச் செய்து விற்ற மாடல் என்பதால் சுலபமாகக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பித்தளைத் தட்டுப்பாட்டால் பிளாஸ்டிக் கைப்பிடியோடு வந்த டெக்கும் உண்டு. ஒரு ரேசரின் தலையும் இன்னொரு ரேசரின் கைப்பிடியும் ஒரே மரையில் சேர்ந்துகொள்ளும் என்பதால், படத்தில் இருப்பது ஒட்டு ஜோடியாகவும் இருக்கலாம். சேகரிப்பவருக்கு அது குற்றம், சிரைப்பவருக்கு ஒன்றுமில்லை. டெக்கின் குறை அதன் சாதுத்தனம்தான். தடித்த தாடிக்கு இரண்டு முறையாவது இழுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, குமிழைத் திருகினால் இரண்டு கதவும் விரிந்து திறக்கும் வகை. ஜில்லெட் 1934-ல் அரிஸ்டோகிராட்டோடு இதைத் தொடங்கியது, 1947-ல் சூப்பர் ஸ்பீட் வந்தது. 1955-க்குப் பிறகு நுனியில் நிறம் பூசி வந்தவற்றில் நீலம் சாது, சிவப்பு முரடு. பிளேடு மாற்றுவதற்கு இதைவிட வசதி கிடையாது, தலையைக் கழற்றி ஈரக் கையில் தகடுகளைத் தடவ வேண்டாம். ஆனால் டெக்கில் இல்லாத இரண்டு விஷயம் இதில் இருக்கிறது: கதவு, கீல். கதவு மூடியபடி மேலிருந்து எடுத்த படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதை நம்பாதீர்கள். ரேசரின் பக்கவாட்டு முனையிலிருந்து எடுத்த படம் கேளுங்கள். இரண்டு கதவும் ஒரே மட்டத்தில் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் பிளேடு கோணலாக உட்காரும், ஒரு பக்கம் சிரைக்கும், மறுபக்கம் அறுக்கும். குமிழ் இறுகியிருப்பது மட்டும் குறை என்றால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் பல வருடச் சோப்பு. வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும்.

சரி, எல்லோரும் ஆசைப்படும் அட்ஜஸ்டபிளுக்கு வருவோம். கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பினால் 1 முதல் 9 வரை எண் மாறும், பிளேடுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடும், குறையும். தடித்த கைப்பிடியோடு 1950-களின் கடைசியில் வந்ததை 'ஃபேட்பாய்' என்பார்கள். அடுத்து வந்த ஒல்லி மாடல் 'ஸ்லிம்'. ஒரே ரேசரில் ஒன்பது ரேசர் என்பதுதான் இதன் கவர்ச்சி. உண்மையில் முதல் வாரம் எல்லா எண்ணையும் திருகிப் பார்ப்போம், அப்புறம் நாலிலோ ஐந்திலோ நிறுத்திவிட்டு மறந்துவிடுவோம்.

நானும் இந்த ஆசையில் விழுந்தவன்தான். நான் வாங்கிய ஸ்லிம் படத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆறு படம், ஆறிலும் வளையம் 9-ல்தான் நின்றது. அது என் கண்ணிலேயே படவில்லை. பிரித்துத் திருப்பிப் பார்த்தால் வளையம் அசையவே இல்லை. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு இரவு ஊறல். மறுநாள் காலை 'டக்' என்று ஒரு சத்தம், 8-க்கு வந்தது. மூன்றாம் நாள் சாம்பல் நிறப் பசை வழிந்து 1 வரை இறங்கிவிட்டது. வெற்றி என்று நினைத்துப் பிளேடு போட்டுப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு ஓரத்தில் இடைவெளி நூல் அளவு, மறு ஓரத்தில் அதைப் போல இரண்டு மடங்கு. உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. பிரித்துச் சரிசெய்யும் அளவுக்கு எனக்குக் கைவேலை தெரியாது, கருவியும் கிடையாது.

அதனால் அட்ஜஸ்டபிள் வாங்குகிறவர், வளையம் 1-ல் ஒரு படம், 9-ல் ஒரு படம், பிளேடு போட்டு இரு ஓரமும் தெரிய ஒரு படம் இல்லாமல் பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பத் தயங்குகிற விற்பவரின் தயக்கமே பதில். கூடவே தலையின் அடிப்பக்கத்தையும் கேளுங்கள். 1950-கள், 60-களின் அமெரிக்க ஜில்லெட்டில் அங்கே ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து வருடம், எண் காலாண்டு. A என்றால் 1955, அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே போகலாம். H3 என்றால் 1962-ன் மூன்றாம் காலாண்டு. அதை '1950-களின் அபூர்வப் பொருள்' என்று ஒருவர் போட்டிருந்தால் மற்ற விவரங்களையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

இருமுனை பிளேடுக்கு வெளியே இன்னொரு உலகம் இருக்கிறது, ஒருமுனை ரேசர்கள். ஜெம், எவர் ரெடி போன்றவை முரட்டுப் பித்தளை, அடிபட்டாலும் தாங்கும், ஆட்கள் அதிகம் தேடாததால் மலிவாகவும் கிடைக்கும். இவற்றின் உயிர் பிளேடு போய் முட்டி நிற்கும் இரண்டு சின்ன மூலைகளில் இருக்கிறது. அவை வளைந்திருந்தால் ரேசர் வீண். அந்த இடத்தைப் படத்தில் நெருக்கிக் காட்டச் சொல்லலாம் என்பதால் என் அளவுகோலில் இவை நல்ல மதிப்பெண்ணே வாங்குகின்றன. சிக்கல் பிளேடில்தான். பெயின்ட் சுரண்டும் பிளேடும் கிட்டத்தட்ட இதே உருவம். அதைப் போட்டு முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், சவரத்துக்கென்றே செய்த ஜெம் பிளேடு வேண்டும். ஷிக் இன்ஜெக்டரில் பிளேடு ஒரு சின்ன டப்பாவிலிருந்து நேராக ரேசருக்குள் தள்ளப்படும், விரல் விளிம்பில் படவே படாது. அதற்கும் தனி பிளேடு. உங்களுக்கு அந்த பிளேடு தொடர்ந்து கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு ரேசரைத் தேடுங்கள். பிளேடு பிடித்துவிட்டதென்றால், திறக்கும் கதவு ரேசரைவிட ஜெம்மையே நான் சிபாரிசு செய்வேன்.

கடைசியாக ஒன்று: அழுக்கோடு கிடப்பதா, புதிதாக முலாம் பூசியதா? நான் அழுக்குப் பக்கம். அழுக்கைக் கழுவலாம். முலாம் பூசுவதற்கு முன் மெருகேற்றியபோது தேய்ந்துபோன எழுத்தையும், கைப்பிடியில் மழுங்கிய வரிகளையும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெடிப்பு இருந்தாலும் புது முலாமின் பளபளப்பில் கண்ணுக்குத் தப்பும். முலாம் தேய்ந்து மஞ்சளாகப் பித்தளை தெரிவது வெறும் வயது, குறை அல்ல. பச்சை படிந்திருந்தால் பெரும்பாலும் துடைத்தால் போகும். செம்மண் நிறத்தில் துரு இருந்தால் அடியில் இரும்பு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். வந்ததும் சோப்பு நீரில் தேய்த்து ஆல்கஹாலில் துடைத்து எடுங்கள். தங்க முலாம் என்றால் வினிகரும் கொதிநீரும் பக்கத்திலேயே வரக் கூடாது.

என் ஸ்லிம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று இரண்டு முறை படம் எடுத்தேன். இரண்டு முறையும் அந்த இடைவெளி ஓரத்தை எடுக்க மட்டும் கை வரவில்லை. தினசரி சவரத்துக்கு ஒரு டெக்.