பயோடீசல் கிட்: டேங்க் சூப்பர், அந்த பாக்கெட்தான் வில்லன்

பொரிச்சு தீர்ந்த எண்ணெய்ல வண்டி ஓட்டணும்னு ரொம்ப நாளா ஒரு கிறுக்கு. அதுக்காக வீட்டுலயே பயோடீசல் பண்ற 40 லிட்டர் கிட் ஒண்ணு வாங்கி ஆறு மாசமா அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், இதுவரைக்கும் 11 பேட்ச் போட்டாச்சு. வேலை இதுதான்: எண்ணெய்ல மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து சூடாக்குனா எண்ணெய் பயோடீசலா மாறும், கிளிசரின் தனியா பிரிஞ்சு அடில தங்கும். கம்பெனி பேரு வேணாம் விடுங்க, எந்த கிட் வாங்கினாலும் பாக்க வேண்டிய விஷயம் ஒண்ணுதான்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். டேங்க் அருமை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அடி கூம்பா இறங்குது. ராத்திரி பூரா தெளிய விட்டுட்டு காலைல கீழ் வால்வ லேசா திறந்தா கிளிசரின் கருப்பா கொழகொழன்னு கயிறு மாதிரி இறங்கும், பாத்துக்கிட்டே இருக்கும்போது டக்குனு அந்த கயிறு மெலிஞ்சு தேன் கலர்ல பளபளன்னு ஓட ஆரம்பிக்கும், அந்த செகண்ட்ல வால்வ மூடணும். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த வேலைய பண்ணலாம் போல இருக்கு. அலுமினிய டேங்க் வச்ச கிட்னா தொடவே தொடாதீங்க, காஸ்டிக் சோடா அலுமினியத்த அரிச்சு ஹைட்ரஜன் கிளப்பி விட்டுரும்.

இப்ப வில்லனுக்கு வருவோம். கிட்டோட காஸ்டிக் சோடா 100 கிராம் பாக்கெட்டா போட்டு தர்றான், 20 லிட்டர் எண்ணெய், 4 லிட்டர் மெத்தனால், ஒரு பாக்கெட், முடிஞ்சது சோலின்னு மேனுவல்ல இருக்கு. நானும் நம்பி போட்டேன். தெளிய வச்சப்பவே கிளிசரின் சரியா பிரியல, சரி பரவால்லன்னு தண்ணி ஊத்தி கழுவப் போனா மொத்தமும் வெள்ளை பெயிண்ட் மாதிரி கெட்டியாகி அப்படியே நின்னுருச்சு. ரெண்டு நாள் காத்திருந்தேன், அசையல. அவ்வளவும் போச்சு, டேங்க கழுவவே ஒரு நாள் ஆச்சு.

விஷயம் என்னன்னா லிட்டருக்கு 5 கிராம்ங்கிறது புது எண்ணெய்க்கு உள்ள கணக்கு. எண்ணெய் சூடாகி சூடாகி அதுல ஆசிட் ஏறியிருக்கும், போடுற காஸ்டிக்க மொதல்ல அந்த ஆசிட்தான் தின்னும், தின்னுட்டு சோப்பாயிரும். அதனால ஒவ்வொரு கேன் எண்ணெய்க்கும் டைட்ரேஷன், அதாவது அதுல எவ்வளவு ஆசிட் இருக்குன்னு பாக்குற டெஸ்ட், பண்ணியே ஆகணும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்ல 1 கிராம் காஸ்டிக், அந்தப் பக்கம் 10 மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல 1 மில்லி எண்ணெய், கலர் மாறி காட்டுற இண்டிகேட்டர் பினாப்தலீன் ரெண்டு சொட்டு. காஸ்டிக் தண்ணிய சொட்டு சொட்டா விட்டு கலக்கிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல ரோஸ் கலர் வந்து போகாம நிக்கும், அதுக்கு எத்தனை மில்லி ஆச்சோ அத்தனை கிராம் லிட்டருக்கு எக்ஸ்ட்ரா. என் எண்ணெய்க்கு 4 மில்லி ஆச்சு. அப்ப லிட்டருக்கு 9, இருபது லிட்டருக்கு 180 கிராம். நான் போட்ட நூறுல 80 ஆசிட்டுக்கே போயிருக்கு, மிச்சம் 20 கிராம் என்னத்த பண்ணும் பாவம்!

இந்த டைட்ரேஷன் பத்தி மேனுவல்ல ஒரு வரி கிடையாது. சிரிஞ்சு கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, கூட வர்ற தராசு ஒரு கிராமுக்கு கீழ காட்டாது. நானே 0.01 கிராம் தராசு தனியா வாங்குனேன், அதுக்கப்புறம் போட்ட பேட்ச் எல்லாம் கண்ணாடி மாதிரி வருது. 3 மில்லி பயோடீசல 27 மில்லி மெத்தனால்ல போட்டு குலுக்கி வச்சு பாப்பேன், மாறாத எண்ணெய் மிச்சம் இருந்தா அடில முட்டையா போய் உக்காரும். இப்பல்லாம் அடி சுத்தமா இருக்கு.

ஹீட்டர்ல பயமான ஒரு விஷயம். டிஸ்ப்ளேல 55 டிகிரி காட்டும்போது என் தெர்மாமீட்டர்ல 61. மெத்தனால் 65 கிட்ட கொதிச்சிரும், அந்த ஆவி விஷம், பகல்ல தீ புடிச்சா சுடரே கண்ணுக்கு தெரியாது. டிஸ்ப்ளேய நம்பாம வெளில திறந்த இடத்துல வச்சு பண்ணுங்க. கூட குடுத்த ரப்பர் ஹோஸ் மூணாவது மாசமே ஊதி கொழகொழன்னு ஆயிருச்சு, கெமிக்கல் தாங்குற விட்டான் (Viton) ரப்பர் ஹோஸா மாத்திட்டேன்.

வண்டி பத்தி கேப்பீங்க. என்னோடது பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் எஞ்சின், 20 சதவீதம் கலந்து ஆரம்பிச்சு மெதுவா ஏத்துனேன். பயோடீசல் பழைய டேங்க்ல வருசக்கணக்கா ஒட்டியிருக்க அழுக்க எல்லாம் கரைச்சு கொண்டு வந்துரும், ஃபில்டர் ரெண்டு தடவை அடைச்சுது, அதனால ஸ்பேர் ஒண்ணு வண்டிலயே கெடக்கட்டும். டிபிஎஃப் (புகைல வர்ற கரிய பிடிக்கிற ஃபில்டர்) வச்ச புது வண்டில இந்த விளையாட்டு வேணாம், எரியாத பயோடீசல் எஞ்சின் ஆயில்ல போய் கலந்துரும். சில பேரு 1900 பாரிஸ் கண்காட்சிலயே டீசல் எஞ்சின் கடலை எண்ணெய்ல ஓடுச்சேன்னு சொல்லி எண்ணெய அப்படியே டேங்க்ல ஊத்துறாங்க. ஓடுச்சு சார், ஆனா எண்ணெய் டீசல விட பத்து மடங்கு கிட்ட கெட்டி, உங்க இன்ஜெக்டர் தாங்குமா?

பாக்கெட் கதைய வித்தவங்களுக்கு ஃபோட்டோவோட அனுப்பினேன். நாலு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, புது எண்ணெய் ஊத்தி ட்ரை பண்ணி பாருங்கன்னு. புது எண்ணெய் ஊத்தறதுக்கு நான் ஏன்யா இத வாங்கப் போறேன்?