லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்: கூட்டாளி போன பிறகு கில்மோர் பாடுனது

ஹட்டன்ல இருந்து கண்டிக்கு போற பஸ்ல, கினிகத்தேன தாண்டுற நேரம்தான் இந்த ஆல்பத்தோட ரெண்டாவது பாட்டு ஓடுச்சு, அதுக்கப்புறம் எறங்குற வரைக்கும் அதையேதான் திருப்பித் திருப்பி கேட்டேன். பிங்க் ஃப்ளாய்ட்ங்கிற இங்கிலாந்து ராக் குரூப்போட கிட்டார்காரர் டேவிட் கில்மோர் 2024 செப்டம்பர்ல, 78 வயசுல விட்ட ஆல்பம் இது. அந்த பாட்டோட பேருதான் ஆல்பத்துக்கும், லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்.

அதுல கீபோர்ட் வாசிக்கிறது ரிச்சர்ட் ரைட், பிங்க் ஃப்ளாய்ட்ல கில்மோரோட கூட வாசிச்சவரு. மனுசன் 2008லயே கேன்சர்ல தவறிட்டாரு! 2007ல கில்மோர் வீட்டு கொட்டில்ல சும்மா கூடி வாசிச்சத ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்திருக்காங்க, இத்தன வருஷம் கழிச்சு அத எடுத்து அது மேல பாட்டு கட்டியிருக்காரு. கில்மோரோட 2015 ஆல்பத்துல படகு பத்தி ஒரு பாட்டு, அதுவும் ரைட்டுக்காகத்தான், அவரு படகு ஓட்டுறதுல பைத்தியம், அதுல அவரு பேசுற குரலே வரும். ஆனா இதுல வாசிப்பே வருது, அதுதான் ஆள ஒலுக்குது.

எங்க தோட்டத்து கோயில் தேருக்கு பாடுற குரூப்ல எனக்கு 11 வருஷம் கீபோர்ட் வாசிச்ச அண்ணே போன வருஷம் போயிட்டாரு. நான் மூச்சு எடுக்குற எடம் அவருக்கு தெரியும், அங்க ஒரு கார்ட் (சுரங்கள சேத்து ஒண்ணா அமுக்குறது) வச்சிட்டு ஒதுங்கிக்குவாரு. இப்ப வாசிக்கிற தம்பி நல்லாத்தான் வாசிக்கிறான், நோட்ஸ் ஒண்ணும் பெசகாது, ஆனா அந்த எடம் மட்டும் வெறுமையா கெடக்கு. கில்மோர் என்ன செஞ்சிருக்காருன்னா ரைட் வாசிக்கிற எடத்துல கிட்டார அடக்கி வச்சிட்டு காத்திருக்காரு, அவசரமே இல்ல.

எல்லா பாட்டும் அப்படி இல்ல. டார்க் அண்ட் வெல்வெட் நைட்ஸ் எனக்கு ஒட்டவே இல்ல, கொரலும் வயசுக்கு மெலிஞ்சிருச்சு. மக ரோமனி பாடுற பிட்வீன் டூ பாயிண்ட்ஸ் வேற யாரோடயோ பழைய பாட்டுதான், ஆனா அந்த புள்ள அலட்டாம பாடியிருக்கு, அருமை. கடைசி பாட்டு ஸ்கேட்டர்ட்ல கிட்டார் சோலோ வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க.

போன் ஸ்பீக்கர்ல போட்டு கேக்காதீங்க, கீபோர்ட் அமுங்கிரும். போனஸா அந்த 2007 ரெக்கார்டிங் அப்படியே முழுசா இருக்கு, ஏறக்குறைய 14 நிமிஷம், தவறவே விடாதீங்க.

அண்ணே வாசிச்சது ஒண்ணு என் போன்லயும் கெடக்கு, தகரத்துல மழை அடிக்கிற சத்தத்தோட, 2 நிமிஷம் கூட வராது. யாருக்கும் போட்டுக் காட்டுனதில்ல. இந்த கிழமை குரூப் பயலுகளுக்கு அனுப்பப் போறேன்.