தூத்துக்குடி மக்ரூன்: தவக்காலத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்றே பொருள்களில் உருவாகும் தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி எழுதுகிறவர்கள், அதன் சுவையைப் புகழ்ந்து, எந்தக் கடையில் வாங்கலாம் என்று சொல்லி முடித்துவிடுவதே வழக்கம். கடைகளை வரிசைப்படுத்துவது என் நோக்கமன்று. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முந்தைய நாற்பது நாள் நோன்புக்காலமான தவக்காலம் முழுவதும் இனிப்பை விலக்கியிருந்துவிட்டு, அந்தப் பெருவிழாவன்று மக்ரூன் பெட்டியைப் பிரிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது, இந்தப் பண்டம் எவ்வளவு நல்லது, எந்த இடத்தில் அது நம்மை இழுக்கிறது, இழுபடாமல் அதை மகிழ்ந்து உண்பது எப்படி என்ற கேள்விகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். நல்ல மக்ரூன் அடி அகன்று, மேலே செல்லச் செல்லச் சுருண்டு, கூரான நுனியோடு நிற்கும். பளிச்சென்ற வெள்ளை நிறம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. முந்திரி தாராளமாகச் சேர்ந்திருந்தால் வெள்ளையில் லேசான மஞ்சள் சாயல் படிந்திருக்கும். இரண்டு விரல்களால் பிடித்து உடைத்தால் மேல்தோடு மெல்லிய ஓசையோடு நொறுங்க வேண்டும். உள்ளே சிறுசிறு துளைகளும் அவற்றுக்கிடையே நறநறப்பான முந்திரித் துகள்களும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாக்கில் வைத்ததும் சர்க்கரை முதலில் கரைந்து போகிறது. அது கரைந்த பிறகே முந்திரி பல்லில் அகப்பட்டு, வறுத்த பருப்பின் மணத்தோடு சற்று நேரம் தங்கியிருக்கிறது. இந்த இரண்டாவது கட்டம் வராமல் வெறும் இனிப்பாகவே கரைந்து முடிகிற மக்ரூனை, அது எவ்வளவு அழகாகச் சுருண்டிருந்தாலும், நான் இரண்டாம் தரமாகவே கருதுவேன்.

இதன் செய்முறை பொறுமையைக் கேட்பது. மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு சிறிது கலந்தாலும் நுரை சரியாக எழும்பாது என்பதால், வெள்ளைக்கருவைக் கவனமாகப் பிரித்தெடுத்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே கெட்டியான நுரையாகும்வரை அடிக்கிறார்கள். முந்திரியிலும் எண்ணெய் இருப்பதால், அதன் தூளை வேகமாகக் கலந்தால் நுரை அமுங்கிவிடும். ஆகவே கை பதறாமல் புரட்டிப் புரட்டிக் கலந்து, கூம்பில் நிரப்பி, தாள் விரித்த தட்டுகளில் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் உலரவிடுகிறார்கள். இவ்வளவு உழைப்பும் சேர்ந்து உண்டாக்குவது பெரும்பகுதி காற்றாலான ஒரு பண்டத்தை. மக்ரூன் நம்மை இழுக்கும் இடமும் இதுவே. அல்வாவோ மைசூர்பாகோ இரண்டு துண்டுக்குள் வயிற்றையும் நாக்கையும் திகட்டச் செய்து, போதும் என்று தானே சொல்லிவிடும். மக்ரூன் அப்படிச் சொல்வதில்லை. கனமில்லாமல் வாய்க்குள் போய்க் கரைந்துவிடுவதால், போதும் என்ற சொல்லை உண்பவரேதான் சொல்லியாக வேண்டும்.

இது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த பலகாரம் என்பது ஊரார் சொல்லும் செய்தி. முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. ஐரோப்பாவில் பாதாம் சேர்க்கப்படும் இடத்தில் இங்கே முந்திரி அமர்ந்துகொண்டது. அதே நூற்றாண்டின் 1530-களில்தான் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரையின் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள்; 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். இன்றும் ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள், ஊர் திரும்பும்போது கையில் ஒரு மக்ரூன் பெட்டியையும் எடுத்துச் செல்வது இயல்பாக நடக்கிறது. செபமும் இனிப்பும் ஒரே பயணத்தில் அடங்குவதில் எந்த முரண்பாடும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் தவக்காலத்தில் ஏன் விலக்குகிறோம்? திருச்சபைச் சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இடைக்காலத்தில் மேற்குத் திருச்சபை தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் பால்பொருள்களையும் விலக்கியிருந்தது. அன்றைய ஒழுங்கின்படி வெள்ளைக்கருவில் செய்த மக்ரூனும் விலக்கப்பட்ட பண்டமாகவே இருந்திருக்கும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் வகுத்த ஒழுங்கில், சுத்தபோசனம் எனப்படும் உணவு ஒழுங்கு இறைச்சியை மட்டுமே விலக்குகிறது, முட்டையையும் பால்பொருள்களையும் விலக்குவதில்லை என்பது தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது. எனவே தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரண்டு ஒருசந்தி (ஒருவேளை மட்டுமே முழு உணவு உண்ணும் நோன்பு) நாள்கள் நீங்கலாக, தவக்காலத்தில் ஒருவர் மக்ரூன் உண்டால் அவர் எந்தச் சட்டத்தையும் மீறியவராக மாட்டார். நாங்கள் அதை விலக்குவது முழுக்க முழுக்க விருப்பத்தால் மேற்கொள்ளும் ஒறுத்தல். விருப்பத்தால் செய்வது என்பதாலேயே அதற்கான காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனிப்பு தீயது என்பது அந்தக் காரணம் அன்று. சில உணவுகளை விலக்கச் சொல்லிக் கற்பிப்பவர்களைக் கண்டித்து, கடவுள் படைத்த அனைத்தும் நல்லவை, நன்றியோடு பெற்றுக்கொள்ளும் எதையும் தள்ள வேண்டியதில்லை என்று திமொத்தேயுவுக்கு எழுதிய திருமுகம் சொல்கிறது. பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த இயேசுவிடம் அலகை (சாத்தான்) காட்டியது அப்பம்தான். அப்பத்தில் என்ன தீமை இருக்கிறது? அதே இயேசு பின்னர் ஐயாயிரம் பேருக்கு அப்பத்தைப் பெருக்கிக் கொடுத்தார், கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரை நல்ல திராட்சை இரசமாக்கினார், விருந்துகளில் அமர்ந்து உண்டதற்காகப் பெருந்தீனிக்காரன் என்ற பழியையும் ஏற்றார். யாருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, எந்த நேரத்தில் உண்பது என்பதே அந்தச் சோதனையில் கேட்கப்பட்ட கேள்வி. "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று நாள்தோறும் செபிக்கும்போது, நல்ல பொருள்கள் நம் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. அவை நம்மை ஆளாமல் இருக்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

இதை மறந்தவர்களைத் திருச்சபை தொடக்கத்திலேயே திருத்தியிருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்றைய துருக்கியிலுள்ள கங்கிரா நகரில் கூடிய ஆயர்கள், இறைச்சி உண்பவர்களை இழிவாகத் தீர்ப்பிட்டவர்களையும், துறவு என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நோன்பிருந்தவர்களையும் கண்டித்தார்கள்; தாழ்மையோடு மேற்கொள்ளும் ஒறுத்தலைத் தாங்கள் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். திருநீற்றுப் புதன் முதல், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாளான பெரிய சனிவரை 46 நாள்கள் வருவதையும், உயிர்ப்பின் நாளான ஆறு ஞாயிறுகளைக் கழித்தே நாற்பது என்று எண்ணுவதையும் பலர் கவனிப்பதில்லை. உயிர்ப்புப் பெருவிழா விருந்திலும் இனிப்புத் தட்டைத் தள்ளி வைத்து, எடுத்துக்கொள்பவர்களைச் சற்று ஏளனமாகப் பார்க்கிற பக்தர்கள் நம் பங்குகளில் உண்டு. மருத்துவர் சொன்னதற்காகத் தள்ளி வைப்பவர்களை நான் இங்கே குறிப்பிடவில்லை. நோன்பு நாளில் நோன்பிருப்பதைப் போலவே, விழா நாளில் விழா கொண்டாடுவதும் கீழ்ப்படிதலில் அடங்கும் என்பதே என் உறுதியான எண்ணம்.

சரி, விழா நாளில் எப்படி உண்பது? திருத்தந்தை பெரிய கிரகோரியார் 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவிலியத்தின் யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில், உணவு வழியாக வரும் சோதனை ஐந்து விதங்களில் நம்மைத் தாக்குகிறது என்கிறார்: நேரம் வருமுன் உண்ணத் தூண்டுவது, விலையுயர்ந்ததைத் தேடத் தூண்டுவது, பக்குவத்தில் அளவுமீறி நுணுக்கம் கேட்கத் தூண்டுவது, அளவுக்கு மிஞ்சி உண்ணத் தூண்டுவது, குறைவாக உண்டாலும் பேராவலோடு பாயத் தூண்டுவது. ஒரு தின்பண்டத்தை மதிப்பிட இதைவிடக் கூர்மையான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. விலையில் மக்ரூன் ஏழைப் பண்டம் அன்று. முந்திரியின் விலையே அதைச் சாதாரண பேக்கரிப் பண்டங்களுக்கு மேலே வைத்துவிடுகிறது. நுணுக்கத்திலும் அது தேறாது. நான் மேலே நிறத்தையும் துளையையும் பற்றி எழுதியதைப் படித்தாலே அது தெரியும், அந்த அளவுக்குமேல் ஆராய்வது நன்றி செலுத்துவதற்குத் தடையாகிவிடும் என்று நினைக்கிறேன். நேரத்தைப் பொறுத்தவரை, பெரிய சனியன்று வாங்கி வைத்த பெட்டி அன்றிரவுத் திருவிழிப்புத் திருப்பலி முடியும்வரை பிரிபடாமல் இருக்கிறதா என்பதைக்கொண்டே ஒரு வீட்டின் நோன்பை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

ஆனால் மக்ரூன் உண்மையில் சோதிப்பது அளவையும் ஆவலையும்தான். எங்கள் வீட்டில் அத்தை கையாளும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். பெட்டியை மேசையின் நடுவில் வைக்க அவர் விடமாட்டார். அண்டை வீட்டாருக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் உரியதை முதலில் பொட்டலமாகக் கட்டிவிட்டு, மிச்சத்தில் ஒவ்வொருவர் தட்டிலும் இரண்டு வைத்து, "இத நின்னு நிதானமா தின்னுங்க, டப்பா மூடியாச்சு" என்று எவர்சில்வர் டப்பாவை அலமாரிக்குள் வைத்துவிடுவார். இரண்டே என்று தெரிந்தபின் யாரும் வாரி வாயில் போடுவதில்லை. சர்க்கரை கரைந்து முந்திரி தங்குகிற அந்த இரண்டாவது கட்டத்தை அப்போதுதான் பிள்ளைகள்கூட உணர்கிறார்கள். அளவு குறைந்ததால் மகிழ்ச்சி கூடியது என்பதை நான் கண்ணால் கண்டு சொல்கிறேன். பேராவல் என்பது விலைமதிப்பைப் பார்ப்பதில்லை என்பதற்குக் கிரகோரியார் தரும் சான்று விவிலியத்தில் வரும் ஏசா: தலைமகன் உரிமையை அவன் விற்றது அரச விருந்துக்காக அன்று, ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்காக. காகங்கள் கொண்டுவந்த இறைச்சியை உண்ட இறைவாக்கினர் எலியாவிடமோ குற்றம் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். மக்ரூனுக்கு ஈரம் பெரிய எதிரி. தூத்துக்குடியின் கடற்காற்றில் திறந்து வைத்தால் சர்க்கரை ஈரத்தை உறிஞ்சி, மேல்தோடு பிசுபிசுத்து, பல்லில் ஒட்டத் தொடங்கிவிடும். பல கடைகள் இன்னும் மெல்லிய அட்டைப்பெட்டியிலேயே தருவதால், பயணத்தில் பாதி நொறுங்கிப்போகிறது. ஒரு கடையில் வாங்கியதில் முட்டை வாடை எழுந்து, முந்திரி பெயருக்கு மட்டுமே இருந்தது. பெருவிழாக் கூட்டத்தில் அவசரமாகச் செய்து குவித்த சரக்கு அது என்பது முதல் கடியிலேயே புரிந்தது. கேட்டால் ஒன்றைச் சுவைக்கத் தருகிற கடையில் வாங்குவது பாதுகாப்பானது. பெரிய பெட்டிக்கு விலைச்சலுகை காட்டும் இடங்களில், வேண்டியதற்கு மேல் வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

விலையைப் பற்றி இன்னொன்று. நோன்பில் மிச்சமாவது ஏழைக்கு உரியது என்பதைத் தம் தவக்கால மறையுரைகளில் 5-ஆம் நூற்றாண்டின் திருத்தந்தை பெரிய லியோ விடாமல் கற்பித்தார். இனிப்பை விலக்கிய நாள்களில் செலவாகாத பணம் தவக்கால உண்டியலுக்குப் போகாமல், உயிர்ப்புப் பெருவிழாவன்று இரண்டு மடங்கு மக்ரூனாகத் திரும்பி வந்தால், நாம் செய்தது நோன்பு அன்று, சேமிப்பு. அந்தப் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, விழாவுக்கென்று தனியாக எடுத்து வைத்த தொகையில் வாங்குகிற பெட்டியில் எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் கால் கிலோ போதும். பகிர்ந்து கொடுக்க எண்ணினால் அரைக் கிலோ. நீரிழிவு உள்ளவர்களுக்கும் முட்டையோ முந்திரியோ ஒவ்வாதவர்களுக்கும் இது ஏற்றதன்று. அவர்களுக்கென்று வேறு பலகாரம் ஒன்றை மேசையில் வைப்பது விருந்து கொடுப்பவரின் கடமை. செய்த நாளைக் கேட்டு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் உடனே மாற்றிவிட்டால், உயிர்ப்புப் பெருவிழாவைத் தொடரும் பாஸ்கா வாரம் முழுவதும் மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கும்.